இரண்டாவது பிரேக்

மார்ச் 3
காலையில் டிரைவிங் ஸ்கூல் வாசலிலேயே பக்கக் கண்ணாடியைத் தூணில் உரசிவிட்டேன். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன்! 'எருமை, உனக்கெல்லாம் எதுக்குடா இந்த வேலை' என்று மதியம் வரை என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மதியம், பழக வந்த கல்லூரிப் பெண் சிக்னலில் வண்டியை ஆஃப் ஆக்கிவிட்டாள். நான் கத்திய கத்தலில் அழுதுகொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

மார்ச் 5
புதிதாக ஒரு நர்ஸ் அம்மா. வண்டி ஆஃப் ஆகும்போதெல்லாம், "பரவால்ல, பதறாத. மறுபடி பாப்போம்" என்கிறார். எனக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். தனக்கே சொல்லிக்கொள்கிறாராம்! தன்னையே கொஞ்சிக்கொண்டிருந்தால் எங்கே உருப்படுவது?

மார்ச் 8
மகள் வேறொரு டிரைவிங் ஸ்கூலில் பழகுகிறாள். எனக்குத் தெரியாமல். மனைவி வாய் தவறிச் சொல்லிவிட்டு, மென்று விழுங்கினாள்.

"நீங்க திட்டுவீங்கன்னுகூட இல்லயாம். வண்டி ஆஃப் ஆனா, சாவியத் தொடறதுக்கு முன்னாடி உங்க மூஞ்சியத்தான் பாக்கத் தோணுமாம். அப்புறம் கை ஓடாதாம்."

என் முகம் அப்படியா இருக்கிறது? கண்ணாடியில் பார்த்தேன். சும்மாதான் இருந்தது. சீ, நீயெல்லாம் ஒரு அப்பனா — என்று ஆரம்பித்தது, சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவி மேல் பாய்ந்ததில் முடிந்தது. உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 9
முதலில் என்னைத் திட்டுகிறேன். பிறகு கையில் அகப்பட்டவரை. எப்போதும் இதே வரிசைதான். நாளைக்கு யார் அகப்படப்போகிறார்கள்?

மார்ச் 11
நர்ஸ் அம்மாவிடம் கேட்டே விட்டேன். "அப்படிச் சொல்லிக்கிட்டா அலட்சியம் வந்துடாதா?"

"நானும் என்னைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தவதான் சார். அந்தச் சூட்டோட அடுத்த பெட்டுக்குப் போவேன். ஒரு பெரியவர் எனக்குப் பயந்து தண்ணி கேக்காமலே கிடந்தார். அதோட விட்டேன்."



மார்ச் 15
மகளைப் பேருந்து நிலையத்தில் விடப் போனேன். பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் மோதி, பின் விளக்கு சில்லுச் சில்லாகப் போனது. அவள் கை கதவுப் பிடிக்குப் போனதைப் பார்த்தேன். எனக்குக் காது சுட்டது. 'எரு—' என்பது வரை வந்துவிட்டது. "பரவால்லடா, பதறாத" என்றேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"யார்கிட்டப்பா பேசறீங்க?"

"என்கிட்டதாம்மா."

இருவரும் இறங்கிக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினோம்.

மார்ச் 17
இன்று டிரைவிங் ஸ்கூலில் ஒருவர் மேல் எரிந்து விழுந்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். பாதி விழுந்தது விழுந்ததுதான்.

மார்ச் 22
"இன்னிக்கு நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றாள் மகள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் என் காலடியில் இரண்டாவது பிரேக் இருக்கும். வீட்டு வண்டியில் அது கிடையாது. வழியெல்லாம் வெறும் தரையை மிதித்துக்கொண்டே போனேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பெரிய சிக்னலில் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

என் பக்கம் திரும்பாமலே சாவியைத் திருப்பினாள்.