நாலாவது நிமிடத்தில் இருபது நொடி

அன்புள்ள ஸ்வாதி,

உன் கை நடுங்குகிறது என்று, நம் இசைக்குழுவின் ஒலிப்பதிவில் நீ வாசித்த வயலின் தனிப்பகுதியை என்னை வைத்து மறுபடி பதிந்தார்கள். நான் மறுக்கவில்லை. உனக்குச் சொல்லவும் இல்லை.

இணையத்தில் வெளியானதும், நாலாவது நிமிடத்தில் வரும் வாசிப்பைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் ஹெட்போன் மாட்டிக் கவனித்துக் கேட்டேன். அங்கே இருபது நொடிக்கு அறையின் எதிரொலியே மாறுகிறது. வில் இழுப்பும் என்னுடையது இல்லை.

மண்ணூர்பேட்டை ஸ்டுடியோவுக்குப் போய், ஒலித்தொகுப்பாளர் ஜஸ்டினிடம் கேட்டேன்.

"கண்டுபுட்ச்சிட்டியாக்கா? ஸ்வாதியக்கா வாசிச்சத தூக்க மனசு வர்ல. அங்க மட்டும் வுட்டு ஒட்டிட்டேன்" என்றான்.

நேற்று நீ வராத ஒத்திகையில், அந்த இருபது நொடி உன்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பதிவின் கீழே உன் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

இதை நேரில் சொல்லத்தான் இரண்டு முறை பருத்திப்பட்டு வந்தேன். இரண்டு முறையும் உன் வீட்டு வாசலிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

உன் பக்கத்து நாற்காலிக்காரி