பட்டியலில் இல்லாதவை

27-9-93, திங்கள்

இல்லை, எழுதிய கடிதம் வராமல் போகாது. அப்படித்தான் ஹில்டாவிடமும் சொன்னேன். தட்டச்சு மேசையிலிருந்து எழுந்து வந்து கணினி அறை வாசலில் நின்றாள். சிங்கப்பூரிலிருக்கும் அவள் காதலன் எட்மண்டுக்கு அவள் எழுதுவது எங்கள் அலுவலகக் கணினி வழியாகத்தான். தபாலில் வந்தால் அவள் அப்பா பிரித்துவிடுவார்.

"ஆறு அனுப்பிச்சேன் அருளு. ஒண்ணுக்குக் கூடவா பதில் இல்ல?"

"எழுதியிருந்தா வந்திருக்கும்டி. மெசின் முழுங்கிடுமா?"

உள்ளே வா என்று சொல்லவில்லை.

29-9-93

பம்பாய்க் கணினியோடு மறுபடி மல்லுக்கட்டு. எங்கள் கடிதங்கள் அதன் வழியேதான் வெளிநாடு போகின்றன. போகும்போது முகவரியில் அனுப்பியவர் பெயரை வெட்டிவிட்டு அலுவலகப் பெயரை மட்டும் விடுகிறது. பதில் எங்கள் வாசல்வரை வரும். யாருக்கு என்று தெரியாது. மூன்று முறை எழுதிவிட்டேன். கோளாறு உங்கள் பக்கம் என்கிறார்கள்.

ஜூலையிலேயே நானே ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்: எந்த வாடிக்கையாளர் எழுதினால் எந்த அதிகாரிக்கு. மேலாளர் பாராட்டினார். பெருமையாக இருந்தது.

3-10-93, ஞாயிறு

வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்கு ஹில்டா சரி என்று சொல்லிவிட்டாள். பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். வேதமுத்து மகள் ஹில்டாவுக்கும் செபாஸ்டியனுக்கும். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும்.

10-10-93

இரண்டாம் ஓலை.

12-10-93

கணினியின் வட்டு நிரம்பிவிட்டது. எதையாவது அழிக்கலாம் என்று, பட்டியலில் இல்லாதவை போய் விழும் கோப்பைத் திறந்தேன். நான் உண்டாக்கியது. ஒருநாளும் திறந்ததில்லை.

எட்மண்ட். ஐந்து கடிதங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். "ஏன் எழுதலனு கேக்குற. எழுதிகினுதான் கீறேன். டிசம்பர்ல வந்து உங்கப்பாவ பாக்குறேன்."

கடைசியில் ஒரே வரி. "வேணாம்னா சொல்லிடு ஹில்டா."

பம்பாயைத் திட்டலாம். ஆனால் கோப்பு என்னுடையது. தட்டச்சுக்காரிக்கும் ஒரு பதில் வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அவள் வாசலில் நின்ற அன்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் —

13-10-93

சொல்லவில்லை. அச்செடுத்த தாள்கள் பையில். மதியம் ஹில்டா மீன்குழம்பு கொடுத்தாள். தின்றேன்.

14-10-93

கொடுத்தேன். நின்றபடியே ஐந்தையும் படித்தாள்.

"எத்தினி நாளா இது உங்கிட்ட கீது?"

முந்தாநாள் என்று சொல்லியிருக்கலாம். "ஆகஸ்ட்லேர்ந்து" என்றேன்.

"நான் சொன்னா எங்கப்பா நம்ப மாட்டார். நீயே வந்து சொல்லு."

15-10-93

கோவில்பதாகை, ஹில்டா வீடு. வேதமுத்து மாமா அப்போதுதான் ஆலையிலிருந்து வந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு தபா ஓலை வாசிச்சாச்சு. இப்ப வந்து மெசின் கெட்டுப் போச்சுன்றியே, இன்னாமா நீ?"

"மெசின் இல்ல மாமா. நான்தான்."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "படிச்ச பொண்ணு" என்றார். அவ்வளவுதான்.

17-10-93, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்களை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். தலைகள் திரும்பின. ஹில்டாவின் பக்கம் அல்ல, அவள் வரவே இல்லை. கடைசி வரிசைக்கு. செபாஸ்டியன் அங்கே உட்கார்ந்திருந்தார், தேய்த்த வெள்ளைச் சட்டையில். இரண்டு வாரம் பங்கு முழுக்கக் கேட்ட பெயர். இத்தனை நாளில் அவரை ஒருமுறைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பூசை முடிந்ததும் அவரிடம் போய், நான் யார் என்று சொன்னேன்.