தண்ணீர் கேன் ஏற்றிய பாலம்

அன்பு மகள் தாமரைக்கு அப்பா எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. விருத்தாசலத்தில் நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் வந்தால் மார்க்கைத் தவிர எதுவும் கேட்பதில்லை என்று கோபித்துக்கொண்டாயே, அதனால்தான் கடிதம். மார்க் கேட்கப் போவதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன், பாலம் பிழைத்துவிட்டது.

போன மாதம் போட்டோ அனுப்பினேனே, பர் துபாயில் இரண்டு பழைய வீடுகளின் மாடிகளைச் சேர்த்துச் சந்துக்கு மேலே போகிற பாலம், கூரையும் பக்கச்சுவரும் வைத்தது. வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்காமலே அடுத்த வீட்டுக்குப் போவதற்கு அந்தக் காலத்தில் கட்டியது. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடம், நடுவில் இது மட்டும். பிச்சாவரத்தில் படகிலிருந்து பார்த்தோமே அலையாத்தி மரம், அந்த ஜாதிக் கம்புகள்தான் அடியில் தாங்குகின்றன. இடிச்சிடுவீங்களாப்பா என்று நீ கேட்டதற்கு, கணக்கு சொல்வதுதான் என்று வெட்டிப் பேசினேன். கணக்கு இடி என்றுதான் சொன்னது. பாரம் ஏற்றிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி, அதிலும் தோற்றால் கதை முடிந்தது.

வாசல் குறுகல், இரும்பு எடைகள் நுழையவில்லை. எங்கள் ஆட்கள் ரூமுக்கு ரூம் குடிக்க வைத்திருக்கிற இருபது லிட்டர் தண்ணீர் கேன்களை மேலே வரிசையாக அடுக்கச் சொன்னேன். பாலம் எவ்வளவு வளைகிறது என்று காட்ட அடியில் முள் வைத்த மீட்டர். வளைவது பெரிதில்லை தாமரை, பாரத்தை எடுத்ததும் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் பரீட்சை. மறுநாள் மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், பாரம் மேலே இருக்கும்போதே முள் திரும்பியிருக்கிறது. மீட்டரைத் திட்டினேன், விற்ற கடைக்காரனைத் திட்டினேன். இராமநாதபுரத்துப் போர்மேன் பாண்டித்துரை தலையைச் சொறிந்துகொண்டு, சார், குடிதண்ணி வண்டி வரல, பயலுக மூணு கேனை எறக்கிட்டாய்ங்க, நல்ல தண்ணிதான் சார் என்றார். சோதனையையே குடித்துவிட்டீர்களே என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே மண்டையில் உறைத்தது. கேனை இறக்கியதும் மரம் தானாக நிமிர்ந்திருக்கிறது, அப்படியென்றால் அதற்கு உயிர் இருக்கிறது. வயசான மரம் என்று பயந்து அதன் பலத்தைக் கணக்கில் பாதியாகப் போட்டிருந்தேன், அதுதான் தப்பு.

ஆனாலும் முறை முறைதான், முதலிலிருந்து ஏற்றினோம். குடிக்கிற தண்ணீரை நானே வாங்கிச் சந்தில் வைத்தேன். இது வாய்க்கு, அது பாலத்துக்கு, எவனும் மாத்திப்புடாதீங்கடா என்று பாண்டித்துரை காவல் நின்றார். நேற்று சாயங்காலம் இறக்கினோம். முள் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கட்டடத்துக்காரரின் அரபி மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு, கலாஸ், அதாவது விஷயம் முடிந்தது, உடைக்க வேண்டாம் என்றார். நான் பாண்டித்துரையைக் கட்டிப்பிடித்தேன், மனுஷன் பயந்தே போனார்.

லீவுக்கு நீயும் அம்மாவும் வர விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். நீ அந்தப் பாலத்தில் நடந்து போக வேண்டும். உன் பாஸ்போர்ட் நகலை மறக்காமல் அனுப்பச் சொல் அம்மாவிடம். நூறு வருஷம் நன்றாக இரு. அப்புறம் ஒன்று, தட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுகிறாயாம், அம்மா சொன்னாள். ஆளுக்கு எண்பது கிலோ என்று வைத்துத்தான் பாலத்தில் நடக்க அனுமதி எழுதியிருக்கிறேன். தைரியமாகச் சாப்பிடு, பாலம் தாங்கும்.

உன் அப்பா
தியாகு