வரிசையில் எங்கள் தெரு

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபமாக இருக்கிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். ராணுவம் காலி செய்த இடங்களில் எதை முதலில் சுத்தம் செய்வது என்று வரிசை போடுகிற அதிகாரி நீ. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய பழைய எண்ணெய்க் கிடங்கு. பம்பை அடித்தால் தண்ணீரோடு மண்ணெண்ணெய் வாடை வருகிறது. உன் மருமகளுக்கு அதில்தான் பால் கரைக்கிறேன். உன் வரிசையில் நாங்கள் கடைசியாம்! மனுஷனா நீ?

உன் தங்கை

மார்ச் 11

வாயாடிக்கு,

திட்டியது போதும், கேள். நாங்கள் மூன்றைத்தான் பார்ப்போம்: விஷம் எவ்வளவு கொடியது, நகர்கிறதா, யாரையாவது போய்ச் சேர்கிறதா. முதல் இரண்டில் உங்கள் கிடங்கை மிஞ்ச ஆளில்லை. மூன்றாவதில்தான் கவிழ்ந்தது. "பம்புத் தண்ணிய எவன் குடிக்கிறான்? எல்லார் வீட்லயும் கேன் தண்ணிதான்" என்று ஆய்வுக்கு வந்தவரிடம் தெருவே சொல்லியிருக்கிறது. முதலில் சொன்னது உன் மாமியார்!

தங்கைக்காக வரிசையை மாற்ற மாட்டேன். உண்மையைச் சொல்வார்கள் என்றால் ஆய்வாளரை மறுபடி அனுப்புகிறேன். அதுவரை பாப்பாவுக்கு மட்டுமாவது தண்ணீர் வாங்கு.

அண்ணன்

மார்ச் 27

அண்ணா,

அத்தையிடம் கேட்டேன். "டிப்டாப்பா வந்தவர்கிட்ட நாத்தத் தண்ணி குடிக்கிறோம்னு சொல்லச் சொல்றியா? மானம் போயிடாது?" என்றார். "எண்ணெயக் கொட்டிட்டுப் போனவனுக்கே மானம் போகல, நமக்கு ஏன் போகணும்?" என்று கத்திவிட்டேன். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

நேற்று உன் ஆய்வாளர் வந்தார். அத்தை தம்ளர் நிறையப் பம்புத் தண்ணீரை நீட்டினார். "குடிங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க. நாங்க தினமும் இதைத்தான் குடிக்கிறோம்."

பாவம், மூக்குவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் வீட்டுக்கு வீடு குடத்தைத் திறந்து காட்டினார்கள்.

உன் வாயாடி

ஏப்ரல் 9

வாயாடிக்கு,

உங்கள் தெரு முதலிடம்! நான் கை வைக்கவில்லை. தண்ணீரை மோந்து பார்த்தவரே போட்ட மதிப்பெண். திங்கள் முதல் தண்ணீர் லாரி, அடுத்த மாதம் மண் தோண்டும் இயந்திரம். பாப்பாவுக்கு முத்தம். உன் மாமியாருக்கு வணக்கம், கொஞ்சம் பயத்தோடு.

அண்ணன்

ஏப்ரல் 16

அண்ணா,

லாரி வந்தது. பாப்பா குழாயடியில் நின்று தொப்பலாக நனைந்தாள். யாரும் அதட்டவில்லை.

இப்போது கடைசி இடம் யாருக்கு? ராணுவம் விட்டுப்போன வெடிமருந்துப் பட்டறையை ஒட்டிய குடியிருப்புக்கா? அங்கேயும் "யாரும் குடிப்பதில்லை" என்றுதானே எழுதியிருக்கிறது? விலாசம் அனுப்பு. அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "அவங்களும் வெக்கப்பட்டுத்தான் சொல்லியிருப்பாங்க. நான் போய்ப் பேசுறேன், நீ பஸ்ஸப் பாரு" என்கிறார்.

உன் தங்கை