இடது கன்னத்து மச்சம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ள மட்டும்தானே எனக்கு அனுமதி. முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையொன்றுமில்லை. மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் இன்னும் திருந்தவில்லை, நானும் அவரிடம் பேச்சை விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை கைபேசியில் நீ அனுப்பும் கட்டைவிரல் படம் தவறாமல் வந்துவிடுகிறது. இந்தச் செய்தி கட்டைவிரலுக்குள் அடங்காது, அதனால்தான் கடிதம்.

எங்கள் பழைய ஆவண அலுவலகம் உனக்கு நினைவிருக்கும், பள்ளி விட்டு வந்து அதன் கல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். இருநூறு வருஷத்துக் கட்டடம், அதில் இருபத்தேழு வருஷம் என் மூச்சும் கலந்திருக்கிறது. எங்களைத் தகரக் கூரைக்குக் கீழே விரட்டிவிட்டு அதை உருவப்படக் கூடமாக்கியபோது, அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லியிருந்தேன். அனுமதி இலவசம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், எனக்குக் காசு கொடுத்துக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன். மூன்று வாரம் முன்பு மருந்துக்கடையில் அம்மாவோடு ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவளைப் பார்த்தேன், அந்தக் குள்ளமான பெண். "அண்ணே, அக்கா படத்தை அங்க மாட்டியிருக்காங்க, ஊரே பாத்தாச்சு, நீங்க இன்னும் பாக்கலையா?" என்றாள். வரைந்தது யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவா வேண்டும்? உன் மாமாதான். நான் நாலு பேர் காலைப் பிடித்து வாங்கித் தந்த வங்கி வேலையை உதறிவிட்டுத் தூரிகையைப் பிடித்த மகானுபாவன். இனி என் வீட்டுப் படி ஏறாதே என்று நான் சொல்லிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அன்றைக்கு அம்மா எனக்காகவும் பேசவில்லை, தம்பிக்காகவும் பேசவில்லை, உலையில் அரிசியைப் போட்டாள். சனிக்கிழமை மதியங்களில் ஆய்வகத்தில் கூடுதல் வேலை என்று அவள் சொல்லிவந்தது அதற்குப் பிறகுதான். அவள் எங்கே போனாள் என்பது எனக்கு மருந்துக்கடையில் வைத்துத்தான் தெரிந்தது.

போனேன். இரண்டாவது கூடத்தில், என் இரும்பு அலமாரி நின்ற அதே சுவரில் அவளை மாட்டியிருக்கிறார்கள். கீழே 'அக்கா, சனிக்கிழமை' என்று மட்டும் அட்டை. ஆய்வக வெள்ளைக் கோட்டோடு, கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். கோணல் பல் தெரிகிறது. நம் வீட்டில் சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வாளே, அங்கே கை மடியில் கிடக்கிறது. பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தேடியபோதுதான் மச்சம் கண்ணில் பட்டது, இடது கன்னத்தில். உன் அம்மாவுக்கு மச்சம் வலது கன்னத்தில். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. கூடப்பிறந்தவளுக்கே மச்சத்தை இடம் மாற்றி வைத்தவன் ஓவியனாம் என்று அங்கேயே சத்தம் போட்டேன். காவலாளி வந்து, "சார், ரொம்பக் கிட்டப் போகாதீங்க, படத்துக்கு மூச்சுக் காத்து ஆகாது. உங்க மூச்சு வேற சூடா இருக்கு" என்றார். விடுவேனா, ஒன்றரைப் பக்கம் புகார் எழுதினேன். பிழையைத் திருத்த வேண்டும், அல்லது படத்தை இறக்க வேண்டும். அங்கே அதிகாரியாக இருப்பது உன் வயதுப் பெண், முழுதும் படித்துவிட்டு, அம்மாவின் புகைப்படம் ஒன்று கொண்டுவந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று மரியாதையாகச் சொன்னாள்.

ஆல்பத்தை நீ எடுத்துப் போய்விட்டாய். குறையாகச் சொல்லவில்லை, அப்படியே சொன்னாலும் தப்பில்லை. அதனால் ஒன்றரை வருஷமாக ஆணியில் தொங்கும் அவளுடைய கைப்பையை எடுத்துத் திறந்தேன். பாதி மாத்திரை அட்டை, உன் விலாசம் எழுதிய துண்டுக் காகிதம், ஆய்வக அடையாள அட்டை. அட்டையில் மச்சம் இடது கன்னத்தில். படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன், உன் அப்பன் புத்தி உனக்குத் தெரியாதா. ஆனால் அதே புகைப்படத்தில், கோட்டில் குத்தியிருந்த வில்லையில் அவள் பெயர் நேராகப் படிக்க வந்தது. ஆவணம் பார்த்தே தலை நரைத்தவனை எழுத்து ஏமாற்றாது.

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். வலது என்று எனக்கு எப்படிப் பதிந்தது என்று யோசித்தால், ஸ்கூட்டர். காலையில் நாற்பது நிமிஷம், மாலையில் நாற்பது நிமிஷம், நானும் அவளும் பேசியதெல்லாம் வண்டியில்தான். அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள், நான் கண்ணாடியில் பார்த்துப் பதில் சொல்வேன். வீட்டுக்கு வந்தால் எனக்குச் செய்தித்தாள், கட்டுக்கட்டாகக் கோப்பு, யார் மேலாவது கோபம். இருபத்தெட்டு வருஷம் நான் கண்ணாடியில் இருந்தவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், கண்ணாடி இடதை வலதாகக் காட்டிவிட்டது. அவள் காரியம் முடிந்து நீ கிளம்பிய அன்று வாசலில் பெட்டியோடு நின்று, "அம்மா மூஞ்சிய ஒரு தடவையாவது நேரா பாத்திருக்கீங்களாப்பா?" என்று கேட்டாய். பெற்றவனிடம் பேசும் பேச்சா என்று பதிலுக்குக் கத்தினேன். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். இல்லையம்மா.

மறுநாளே போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றேன். காரணம் என்ற இடத்தில், புகார் செய்தவரின் பிழை என்று எழுதினேன். என் கையால் அப்படி ஒரு வரி எழுதியது இதுவே முதல் தடவை, அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தே பார்க்கவில்லை. இப்போது மதிய இடைவேளையில் தினமும் போகிறேன். காவலாளி நாற்காலியைத் தள்ளிப் போட்டு, "உக்காருங்க சார், வீட்டம்மா இன்னைக்கும் நல்ல மூட்லதான் இருக்காங்க" என்கிறார். அவள் எதைக் கேட்டு அப்படிச் சிரித்தாள் என்று உன் மாமாவுக்குத்தான் தெரியும். அவனிடம் கேட்க வேண்டும். மூன்று தாள் எழுதிக் கிழித்தாயிற்று, 'மாப்பிள்ளை' என்ற முதல் வார்த்தைக்கு மேல் பேனா நகரவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் படத்தை இறக்கி அவனிடமே கொடுத்துவிடுவார்களாம். அதற்குள் ஒருமுறை வா. எனக்காக வேண்டாம், வீட்டில் தங்கக்கூட வேண்டாம், அவளைப் பார்த்துவிட்டுப் போ. சின்ன வயதில் நீ வண்டியில் என் முன்னால் நின்று வருவாய், உன் பின்னந்தலைச் சுழி எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது. புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டே, ஊஞ்சலில் விழுந்தது, அது எந்தப் பக்கம் என்று நேற்று முழுக்க யோசித்தேன், சத்தியம் பண்ண முடியவில்லை. அதைக் கடிதத்தில் எழுதிவிடாதே. நேரில் நில், நானே பார்த்துக்கொள்கிறேன்.

குளிர் காலத்தில் காதை மூடிக்கொள். நீ நீடூழி வாழ வேண்டும், உன்னை நேராகப் பார்க்கிற மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா

பி.கு. கூடம் திங்கட்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் எடு.