சம்பந்தி முணுமுணுத்த பாட்டு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு மூட்டு வலி, எனக்குப் பொறாமை. மற்றபடி இருவரும் சுகமாக இருக்கிறோம். ஃபோனில் பேசினால் முடிகிற விஷயத்துக்கு எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். படித்துக்கொண்டே வா, காரணம் தெரியும்.

உன் மாமியார் அவருடைய அண்ணனைப் பார்க்க இங்கே வந்திருந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நம் வீட்டுக்குப் பக்கம் என்பதால் இங்கேயே தங்கச் சொன்னோம். அவருடைய அண்ணன் இப்போது எழுந்து நடக்கிறார், கவலை இல்லை. நான் சம்பந்தியைக் குறையில்லாமல் கவனித்தேன் என்றுதான் அப்பா உன்னிடம் சொல்வார். உண்மையில் அவருக்கு நான் எடுத்துக் கொடுத்தது பஞ்சு அமுங்கிப்போன தலையணை. நல்ல தலையணை அலமாரியில்தான் இருந்தது.

அவர் என்ன தப்பு செய்தார் என்கிறாயா? பாட்டு முணுமுணுத்தார். வந்த அன்றே, குழாயடியில் டம்ளரைக் கழுவிக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டி ஆட்டி. பக்கத்தில் நின்றதால் எனக்கும் லேசாகக் கேட்டது. மரியாதைக்கு என்ன பாட்டு என்று கேட்டேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. சில மாதமாக நீ அடிக்கடி போடுகிற பாட்டாம் அது. நீ வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் ஸ்பீக்கரை வைத்து ஒரு பாட்டுப் போடுவாயாம். காய் நறுக்கிக்கொண்டே, இன்றைக்கு ஏன் அந்தப் பாட்டு என்றும் சொல்வாயாம். மேலதிகாரி கத்தினால் ஒரு பாட்டு, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு பாட்டு. அவரும் பதிலுக்குத் தன் காலத்துப் பாட்டு ஒன்றைத் தேடிப் போடுவாராம். மாப்பிள்ளை உள்ளே வந்தால் இருவரும் சேர்ந்து வெளியே துரத்துவீர்களாம்.

என் மகளைப் பற்றி எனக்கே ஒருவர் சேதி சொல்கிறார். வயிறு எரிந்தது. சின்ன வயதிலிருந்தே நீ எல்லாப் பாட்டையும் முதலில் என்னிடம்தான் சொல்வாய் என்றேன். அவர் உடனே ஆமாம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். மறுத்துப் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பொய்யொன்றும் சொல்லவில்லையே நான். நீ கல்லூரிக்கும் நான் அச்சகத்துக்கும் ஒரே பஸ்ஸில் போன காலத்தில் ஒரே இயர்ஃபோனில் உனக்கொரு காது, எனக்கொரு காது. நீ இறங்கும்போது பிடுங்கிக்கொண்டு போவாய், எனக்குப் பாட்டு பாதியில் நிற்கும். கல்யாணம் ஆகிப் போன பிறகும் ஃபோனில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாய். முதலில் பாட்டு வரும், பின்னாலேயே ஏன் அதைக் கேட்கிறாய் என்று உன் குரலில் ஒரு பதிவு வரும். சில மாதங்களுக்கு முன் அது நின்றுபோனது. மாமியார் புதிது, பெற்றவள் பழையவள் ஆகிவிட்டேன் என்று அப்பாவிடம் புலம்பினேன். தனக்கு நீ ஒரு பாட்டுகூட அனுப்பியதில்லை, அதற்காகத் தான் இளைத்துப்போகவில்லை என்றார். அந்த மனிதரிடம் போய்ச் சொன்னேனே.

மறுநாள் சாயங்காலம் சம்பந்தி மறுபடி அதே பாட்டை ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டுவிட்டேன். "அப்படி என்னதான் இருக்கு சம்பந்தி அந்தப் பாட்டுல? அவ ஏன் அதையே பிடிச்சிட்டிருக்கா?"

அவர் குழாயை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்களுக்குத்தானே முதல்ல அனுப்பினா? நீங்க 'அருமையான குரல், தினமும் கேளு'ன்னு பதில் போட்டிருந்தீங்க. அதைப் படிச்சிட்டு ஃபோனைக் கவுத்து வெச்சா. அதுக்கப்புறம்தான் எங்கிட்ட வந்து சொன்னா."

என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். தானும் எதிரில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக, "குழந்தை தங்கல, சம்பந்தி" என்றார்.

குட்டி, நீ உண்டாகியிருந்ததே எனக்குத் தெரியாது. மூன்று மாதம் முடிந்ததும் சொல்லலாம் என்று நீ இருந்தாய் என்பதையும் அவர்தான் சொன்னார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நேரில் பேசினால் வாய் வராது என்றுதான் பாட்டோடு சேர்த்து எனக்கு அனுப்பினாயாம்.

அப்பாவைக் கூப்பிட்டு அந்தப் பதிவைத் தேடி எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி எனக்குத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பாடுகிறவர் நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்குவது கேட்கும், யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது, அதற்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். அதுவரை அப்பா சொன்னார். அடுத்த வாக்கியத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். மீதியைச் சம்பந்திதான் சொன்னார்.

எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, குட்டி. அதுதான் விஷயம். ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். எதிரில் உட்கார்ந்து பேசினால் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். ஃபோனில் வரும் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுவதுபோல இருக்கும். பாட்டில் தாளம் மட்டும் தட்டும், வார்த்தை வராது. அதனால்தான் நீ கூப்பிடும்போதெல்லாம் கை வேலையாக இருக்கிறேன் என்று அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் குழந்தையிடம் பேசுவதுபோல் இழுத்து இழுத்துப் பேசுவார்கள். அச்சகத்தில் மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். நீ அனுப்பியதற்கெல்லாம் நல்ல பாட்டு, நல்ல குரல் என்று குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். உன் பேச்சு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை. நான் எழுதிய பதிலே அதை நிறுத்திவிட்டது.

அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முயற்சி செய்கிறேன். முடியவில்லை.

சம்பந்தி ஊருக்குக் கிளம்புமுன் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். பைண்டிங் பிரிவில் இத்தனை வருடம் மடிப்பு மிஷினுக்கும் கட்டிங் மிஷினுக்கும் நடுவில் நின்றதன் கூலி என்று டாக்டர் சொன்னார். போன காது திரும்பாதாம், மிஷின் வைத்தால் இருப்பதை வைத்து ஓட்டலாமாம். அளவு எடுத்திருக்கிறார்கள். அச்சகத்திலும் சொல்லிவிட்டேன். நான் பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. கட்டிங் மிஷின்காரர் மட்டும், "எத்தனை தடவ நகரச் சொல்லிக் கத்தினேன், திமிருன்னு நெனச்சேன்க்கா" என்றார். இப்போது சத்தமில்லாத அறையில் பக்கம் சரிபார்க்கிற மேஜையைக் கொடுத்திருக்கிறார்கள்.

நீ விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு உன் மாமியார் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார். அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டவள் என்று எனக்குப் புரிகிறது. கைகளைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். சொல்லும்போதே, அந்த மடி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. நல்ல மனுஷி மேல் பொறாமைப்படுவது கெட்டவர் மேல் பொறாமைப்படுவதைவிடக் கஷ்டம், குட்டி. திட்டக்கூட முடியவில்லை.

அடுத்த மாதம் காது மிஷின் கைக்கு வந்ததும் லீவு போட்டுவிட்டு வருகிறேன். அதுவரை எனக்குக் கடிதம் எழுது. இப்போது என்ன பாட்டுக் கேட்கிறாய், ஏன் கேட்கிறாய் என்று பொறுமையாக எழுது. பாட்டின் வரிகளையும் எழுது, எழுத்தை இன்னும் கண் நன்றாகப் படிக்கிறது. அழகாக எழுத வேண்டாம். அவரிடம் சொன்னதில் பாதி எழுதினாலும் போதும்.

இன்னொன்று. அந்தக் குழந்தைக்கு மனதுக்குள் ஏதாவது பெயர் வைத்திருந்தாயானால் அதையும் எழுது. அதை நீ இன்னும் வேறு யாரிடமும் சொல்லாமல் இருந்தால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. எழுது.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பை வருத்தாதே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அம்மா