தொண்ணூற்று நான்காம் இடத்து வீராங்கனைக்கு

திருவொற்றியூர்

அன்பு மக்கா மகிமாவுக்கு, உன் அப்பா போனதிலிருந்து அவர் இடத்தில் யாரும் கேட்காமலே உட்கார்ந்துகொண்ட தாய்மாமன் வெள்ளத்துரை எழுதுவது. கர்த்தர் கிருபையில் உன் அம்மா, நான், கடை, கடை மூட்டைகளில் குடியிருக்கும் எலிகள் வரை எல்லோரும் சுகம். பெல்ஜியத்துக் குளிரில் உன் மூக்கும் முழங்காலும் அதே கிருபையில் இருக்கட்டும்.

முதலில் என் மானம் போன கதை. சைக்கிள் பந்தய முடிவில் நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வரும் படத்தை அனுப்பினாய் அல்லவா, நம் ஊரில் கையைத் தூக்கினால் ஜெயித்தாய் என்று அர்த்தம், ஆகவே கடை வாசலில் இருபதடி பேனர் வைத்துவிட்டேன், உலகை வென்ற எங்கள் குலவிளக்கே என்று. உன் முகத்தைவிட என் முகம் சற்றே பெரிதாக அமைந்தது பேனர்காரன் பிழை. மூன்றாம் நாள் முகத்துவாரக்குப்பத்து மீன்காரி குப்பம்மா கூடையை இறக்கிவைத்து, "இன்னா தொர, ஒங்கக்கா பொண்ணு தொண்ணூத்தி நாலாவதா வந்துக்கீதாமே, எம்புள்ள போன்ல பாத்து சொல்றான், நீ இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பேனரு வெச்சிக்கினு கீற" என்று மார்க்கெட்டே கேட்கிற மாதிரிக் கேட்டாள். உங்கள் அணியில் வேறொருத்தி ஜெயித்த சேதி காதில் மாட்டிய ரேடியோவில் வந்ததால் கையைத் தூக்கினாய் என்று பிறகுதானே சொன்னாய். அடுத்தவள் கல்யாணத்துக்கு மாலை போட்டுக்கொண்டு நிற்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்படி என்னதான் செய்கிறாய் என்று போன ஞாயிறு நானும் உன் அம்மாவும் பந்தயத்தைப் போனில் முழுதாகப் பார்த்தோம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றுக்குத் தப்பி ஓட்டப் பழகியவள் நீ. அங்கே பார்த்தால் நீயே லாரி, உன் முதுகுக்குப் பின்னால் உன் அணிக்காரிகள் ஐந்து பேர் காற்றுப்படாமல் சொகுசாக வருகிறார்கள். நடுவில் பின்னால் வரும் அணியின் காருக்குப் போய் எல்லோருக்குமாக ஆறு தண்ணீர் பாட்டிலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, அத்திப்பட்டு நிலக்கரி மூட்டை போல வீங்கி வந்தாய். உன் அம்மா, "ஏலே தம்பி, அந்தப் பிள்ளைகளுக்குக் கை இல்லியாலே, தண்ணிய அவளுகளே எடுத்துக் குடிச்சா என்னவாம்" என்றாள். நூறு கிலோமீட்டர் காற்றை நெஞ்சில் வாங்கிவிட்டு, கடைசி மேட்டில் நீ விலகிப் பின்தங்கினாய், கேமரா உன்னை விட்டுவிட்டு ஜெயிக்கப்போகிறவளோடு போய்விட்டது. "எம்பிள்ள எங்கலே" என்று உன் அம்மா போனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு வாயில் ஒரு நக்கலும் வரவில்லை, உலக அதிசயம் என்று குறித்துக்கொள்.

இன்னொரு வருஷம் அதே அணிக்குக் கையெழுத்துப் போடவா, அல்லது விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த குமாஸ்தா வேலைக்குத் திரும்பவா, மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தாய். குமாஸ்தா வேலையே கதி என்று மூன்று மாதமாக உபவாச ஜெபம் பண்ணியவள் உன் அம்மா. திங்கள் காலை கடைக்கு வந்து பேனரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடச் சொல்லு, ஆனா சும்மா போட வேண்டாம்" என்றாள். ஒரு நிபந்தனை சொன்னாள். வெள்ளைக்கார வக்கீல் ஆயிரம் பேருக்கும் தோன்றாத நிபந்தனை. அதை உன் மேனேஜரிடம் எழுத்தில் வாங்கு: வருஷத்தில் ஒரே ஒரு பந்தயத்தில், மற்ற ஐந்து பேரும் எங்கள் மகிமாவுக்குத் தண்ணீர் சுமக்கவேண்டும்.

கர்த்தர் உன் சக்கரங்களைக் காப்பாராக. இத்தோடு அனுப்பும் கருப்பட்டி மிட்டாயை நீயே தின்னு, அணிக்குப் பரிமாறாதே.

இப்படிக்கு,
உன் மாமா, திருவொற்றியூர் மளிகைச் சக்கரவர்த்தி
வெள்ளத்துரை